கூலிங் குறைத்துக் குடிக்க வேண்டிய பீர்: மால்ட் மிகுந்த ஸ்ட்ராங் வகைகளை ருசித்துப் பார்ப்பது எப்படி

சேலத்தில் சித்திரை வெயிலில் பீர் வாங்கப் போகிறவர் முதலில் பிராண்டு கேட்க மாட்டார். "கூலிங் இருக்கா?" என்றுதான் கேட்பார். அதில் தப்பில்லை. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது லேசான லாகர் வகைப் பீர். ஜில்லென்று இருப்பதுதான் அதன் பாதி ருசி.

பீரில் இன்னொரு வகையும் உண்டு. டிகாக்‌ஷனைத் தண்ணீர் விட்டு இளக்கினால் வரும் செம்பழுப்பு நிறம், 7 முதல் 10 சதவீதம் வரை ஆல்கஹால், பெரும்பாலும் அடக்கமான கசப்பு, வாய்க்குள் கொஞ்சம் கனம். இந்த வகையை லேசான லாகர் மாதிரி உறைய உறையக் குடித்தால் கொடுத்த காசில் பாதி வீண். மணம் எழும்பவே எழும்பாது. லேசாக இனிக்கிற, கொஞ்சம் காட்டமான ஏதோ ஒரு பானம் என்பதோடு கதை முடிந்துவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வகை பெரும்பாலும் பெங்களூரில்தான் அறிமுகமாகிறது. சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். 2010க்குப் பிறகு அங்கே கடைக்குள்ளேயே காய்ச்சி ஊற்றும் சின்ன ப்ரூவரிகள் பெருகிவிட்டன. அங்கே வேலை பார்க்கும் மச்சானோ மாப்பிள்ளையோ கூட்டிப் போவார். மெனுவில் டாப்பல்பாக், ஸ்காட்ச் ஏல், பார்லிவைன், பெல்ஜியன் குவாட் என்று பெயர்கள் இருக்கும். நாலும் வேறு வேறு நாட்டுப் பிள்ளைகள், ஆனால் நாலுக்கும் முதுகெலும்பு ஒன்றே: மால்ட்.

ராகி மால்ட் செய்யத் தெரிந்த வீட்டுக்கு

கேழ்வரகை ராத்திரி ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, வெள்ளைத் துணியில் கட்டி வைத்து, முளை விட்டதும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைப்பது சேலம், தருமபுரிப் பக்கம் வீட்டு வேலை. பார்லியிலும் இதையேதான் செய்கிறார்கள். ஊறவைக்கிறார்கள், நாலைந்து நாள் குளுமையான இடத்தில் முளைக்க விடுகிறார்கள், பிறகு சூட்டில் உலர்த்தி முளையை நிறுத்துகிறார்கள். அதுதான் மால்ட்.

முளைப்பதில் என்ன நடக்கிறது என்பதை அடுப்படியிலேயே பார்க்கலாம். சாதாரணக் கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சினால் கெட்டியாகிவிடும். அதே அளவு முளைகட்டிய மாவில் காய்ச்சினால் நீர்த்துப் போகும். காரணம், முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. அது மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகிறது. விதை தன் குருத்துக்கென்று தயார் செய்கிற சாப்பாடு அது. அதை நாம் நடுவில் புகுந்து எடுத்துக்கொள்கிறோம்.

ப்ரூவரியில் அரைத்த பார்லி மால்ட்டை 65 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் ஒரு மணி நேரம் போல வைக்கிறார்கள். மாவுச்சத்து கரைந்து இனிப்பான சாறு இறங்குகிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வோர்ட். அதைக் கொதிக்கவிட்டு, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் பூ சேர்த்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டால் சர்க்கரை ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும். அந்த வெந்நீரின் சூட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 62, 63 டிகிரியில் வைத்தால் ஈஸ்ட் சுலபமாகத் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம் கிடைக்கும். பீர் வறண்டு முடியும். 68, 70 என்று ஏற்றினால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய சர்க்கரைகள் மிஞ்சும். பீர் வாயில் கனமாக உட்காரும். மால்ட் பீரைக் குடிக்கும்போது நாக்கில் தெரிகிற அந்தச் சதைப்பிடிப்பு இப்படி வருவதுதான்.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 வரை ஆல்கஹால் இருந்தால் அது ஸ்ட்ராங் பீர். பெரிய ஆலைகளின் ஸ்ட்ராங் பீர்களில் பார்லி மால்ட்டோடு அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை இவற்றில் ஏதாவது சேர்ந்திருப்பது சகஜம். சர்க்கரையை ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். ஆல்கஹால் ஏறும், வாயில் எதுவும் தங்காது. இதைக் குறை என்று நான் சொல்ல வரவில்லை. வெயிலுக்கு அது வசதிதான். ஆனால் அதில் பழகிய நாக்கு, ஸ்ட்ராங் என்றாலே காட்டம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறது. டாப்பல்பாக்கில் அந்த வலிமை மால்ட்டை அள்ளிப் போட்டதால் வருவது. ஜெர்மனி விதிப்படி டாப்பல்பாக் என்று பெயர் வைக்க, புளிக்க வைப்பதற்கு முன் 100 கிராம் வோர்ட்டில் குறைந்தது 18 கிராம் கரைந்த சத்து இருக்க வேண்டும். சாதாரண லாகருக்கு 11, 12 கிராம் போதும்.

மியூனிக்கில் 17ஆம் நூற்றாண்டில் பவுலானர் துறவிகள் காய்ச்சியதிலிருந்து வந்தது இந்த வகை. தவக்கால நோன்பில் ரொட்டிக்குப் பதிலாக இதைக் குடித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அவர்களுடைய பீருக்கு சால்வேட்டர் என்று பெயர். மற்றவர்களும் அதையொட்டிப் பெயர் வைக்கத் தொடங்கியதால் செலிப்ரேட்டர், ஆப்டிமேட்டர் என்று டாப்பல்பாக் பெயர்கள் பலவும் இன்று வரை 'ஏட்டர்' என்றே முடிகின்றன. லேபிளில் அந்த வால் தெரிந்தால் உள்ளே என்ன என்று பாதி புரிந்துவிடும்.

மூக்குக்கு முன்பயிற்சி

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. மூக்கு ஒரு மணத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமானால் அதை முன்பே ஒருமுறை தனியாக முகர்ந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் டாஃபி, ஃபிக், பிரியோஷ் என்று போட்டிருப்பார்கள். பிரியோஷ் நான் தின்றதில்லை. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சேலத்தில் இருப்பவருக்கு அதெல்லாம் தேவையே இல்லை. செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டிப் பக்கமும் லீ பஜார் பக்கமும் ஒரு சுற்று சுற்றினால் போதும்.

வெல்லத்தில் வெளிர் மஞ்சள், பழுப்பு, நல்ல கருப்பு என்று மூன்று துண்டு வாங்குங்கள். ரொம்ப வெளுப்பாக இருப்பது வேண்டாம், வெளுக்க வைக்க ரசாயனம் போட்டதாக இருக்கலாம். கூடவே கொஞ்சம் பனங்கருப்பட்டி, கருப்பு உலர் திராட்சை, பேரீச்சை. ஒவ்வொன்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் தனித்தனி டம்ளரில் கரைத்து, கண்ணை மூடி வரிசை மாற்றி முகருங்கள். வெளிர் வெல்லத்தில் இனிப்பு மட்டும்தான் தெரியும். கருக்கக் கருக்க, இனிப்பு பின்னால் போய்ப் புகையும் லேசான கசப்பும் முன்னால் வரும். மால்ட்டிலும் ஏணி இப்படித்தான் ஏறுகிறது.

அடுத்தது வறுவல். மளிகைக் கடைப் பார்லி நூறு கிராமை மூன்று பங்காக்கி வாணலியில் ஒன்றைப் பொன்னிறமாக, ஒன்றைப் பழுப்பாக, ஒன்றைக் கருகுவதற்குச் சற்று முன்பு வரை வறுங்கள். இது முளைகட்டாத பார்லி, மால்ட் ஆகாது. ஆனால் வறுபடும் மணம் என்னவென்று மூக்குக்குத் தெரிந்துவிடும். தொழிலில் இருப்பவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் மால்ட்டைச் சோதிக்கிறார்கள்: 50 கிராம் மால்ட்டை அரைத்து, 65 டிகிரி வெந்நீர் 400 மில்லியில் கால் மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, அந்த நீரை முகர்ந்து குடித்துப் பார்ப்பார்கள்.

இங்கே நடப்பது மெய்லார்ட் வினை. லூயி கமீல் மெய்லார்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் விளக்கியது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகி நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. தோசையின் முறுகலும் காப்பிக்கொட்டையின் மணமும் பெரும்பாலும் இந்த வினையின் பிள்ளைகளே. பேல் மால்ட்டை 80, 85 டிகிரியில் உலர்த்துகிறார்கள். அதில் பச்சை மாவும் லேசான பிஸ்கட்டும் தெரியும். மியூனிக் மால்ட்டுக்கு 100 டிகிரியைத் தாண்டுகிறார்கள். சுட்ட ரொட்டியின் மேல்தோல் மணம் அங்கே வருகிறது. டாப்பல்பாக்கின் உயிரே இந்த மியூனிக் மால்ட்தான். கேரமல் மால்ட் கொஞ்சம் தந்திரமானது: ஈரம் காயும் முன்பே சூடேற்றுவதால் தானியத்தின் உமிக்குள்ளேயே மாவு சர்க்கரையாகி, பிறகு பாகாக இறுகும். உலர் திராட்சையும் பாகும் அதிலிருந்து வருகின்றன. சாக்லேட் மால்ட்டில் சாக்லேட் கிடையாது. நிறத்தை வைத்து வந்த பெயர். அது 200 டிகிரிக்கு மேல் வறுபட்டது. இங்கிலாந்தில் டேனியல் வீலர் என்பவர் 1817இல் உருளை வறுப்பானுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் தீயாமல் இவ்வளவு கருப்பாக வறுக்க வழி பிறந்தது.

ஏற்காடு போகிறவர்கள் எஸ்டேட் காப்பிக்கொட்டையை லைட், டார்க் என்று இரண்டு வறுவலில் சிக்கரி இல்லாமல் கொஞ்சம் வாங்கி வந்தால் பாடம் முழுமையாகும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது ஊரறிந்த செய்தி. ஒரே கொட்டை, ஒரே மண், வறுவல் மட்டும் வேறு. இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்தவருக்கு, மியூனிக் மால்ட்டும் சாக்லேட் மால்ட்டும் ஏன் இரண்டு உலகம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கிளாஸ் கையில் வந்த பிறகு

பெரிய மக் வேண்டாம். வாய் சற்றுக் குறுகிய கிளாஸ், அதில் பாதிக்கும் குறைவாக ஊற்றினால் போதும். மேலே காலி இடம் இருந்தால்தான் மணம் தங்கும். நிறத்தை வெளிச்சத்தில் பாருங்கள், நுரையைப் பாருங்கள்; அதற்கு மேல் கண்ணுக்கு இங்கே வேலை இல்லை. கருப்பாக இருப்பதால் கனமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு பிடி கருவறுத்த மால்ட் போதும், மெலிந்த பீரும் கருத்துவிடும்.

முக்கியமானது சூடு. இந்த வகைகளை 10 முதல் 13 டிகிரியில் ருசிக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து வரும் பாட்டில் 4, 5 டிகிரியில் இருக்கும். குளிரில் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாவதில்லை, நாக்கின் இனிப்பு உணர்வும் மங்குகிறது. மிஞ்சுவது கேஸின் குறுகுறுப்பும் கசப்பும்தான். சேலத்து வெயிலில் சின்ன கிளாஸில் ஊற்றி மேசைமேல் வைத்தால் பத்து நிமிடத்தில் பக்குவத்துக்கு வந்துவிடும். ஏற்காட்டில் மார்கழி ராத்திரி என்றால் கதை வேறு.

அப்படி ஒரு ராத்திரியில் சித்தப்பா மகனோடு ஏற்காட்டில் தங்கியிருந்தேன். ஓமலூர்ப் பக்கத்துப் பையன். ஓர் இறக்குமதி டாப்பல்பாக் பாட்டிலைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினோம். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "என்ன ண்ணா, இதுக்கா இவ்ளோ காசு? ஒண்ணுமே தெரியலையே" என்றான். "கீழ வெய்யி. கொஞ்ச நேரம் தொடாத" என்றேன். அறையே குளிர்ந்து கிடந்ததால் கிளாஸில் குளிர் சீக்கிரம் விடுவதாக இல்லை. கடைசியில் இரண்டு உள்ளங்கையிலும் பொத்திப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். அரை மணி கழிந்திருக்கும். மூக்கருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். "ண்ணா, எங்கூரு ஆலைக் கொட்டாய்ல பாகு எறக்கற நேரத்துக்குப் போய் நின்ன மாதிரி இருக்குது." கரும்புப்பாகு கொப்பரையிலிருந்து இறங்கும் நேரத்து மணத்தை விடச் சரியான குறிப்பு அந்தப் பீருக்கு இருக்க முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அவன் தற்செயலாகச் செய்ததை நீங்கள் திட்டமிட்டே செய்யலாம். ஜில்லென்று ஒரு வாய், பாதிக் குளிர் விட்டதும் ஒரு வாய், 15 டிகிரியைத் தொடும்போது ஒரு வாய். ஒவ்வொரு முறையும் குடிப்பதற்கு முன் சிறு சிறு மூச்சாக இரண்டு மூன்று தடவை முகருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு மரத்துப்போகும். வாயில் எடுத்ததும் உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் படரவிட்டு, விழுங்கியபின் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். தொண்டைப் பக்கமிருந்து மேலே ஏறும் அந்த மணத்தில்தான் பேரீச்சையும் ரொட்டியும் தெளிவாகப் பிரியும். பிறகு சும்மா இருந்து, எது கடைசியாக நிற்கிறது என்று பாருங்கள். நல்ல டாப்பல்பாக் இனிப்பில் ஆரம்பித்தாலும் திகட்டலில் முடியாது. பார்லிவைனில் ஹாப்ஸ் கசப்பு பின்னால் வந்து நிற்கும். பெல்ஜியன் குவாட்டில் கருஞ்சர்க்கரைப் பாகு சேர்ப்பது வழக்கம், அங்கே ஈஸ்ட்டே கிராம்பு, பழம் என்று தன் பங்குக்கு மணம் கொடுக்கும். ஸ்காட்ச் ஏலில் பாகு மேலோங்கும்.

குறிப்பு எழுதுகிறவர்கள் மூன்று வார்த்தையோடு நிறுத்துவது நல்லது. பதினெட்டு மணம் எழுதுகிறவரை நான் நம்புவதில்லை. முதல் வார்த்தை தானாக வரும், மூன்றாவது யோசித்து வரும், அதற்கு மேல் வருவதெல்லாம் பக்கத்தில் இருப்பவருக்காக.

விழுங்கும்போது நெஞ்சில் மெல்லிய கதகதப்பு இறங்கினால் அது இந்த வகையின் குணம். தொண்டை எரிந்தாலோ, நெயில் பாலிஷ் நெடி அடித்தாலோ அது கோளாறு. ஈஸ்ட்டை அதிகச் சூட்டில் அவசரப்படுத்தியிருக்கிறார்கள். ஏல் வகைகள் 20 டிகிரியை ஒட்டிப் புளிப்பவை, லாகர் வகைகள் 10 டிகிரியை ஒட்டி. டாப்பல்பாக் லாகர் குடும்பம், புளித்த பிறகும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் குளிரில் கிடக்க வேண்டும். தொட்டியைச் சீக்கிரம் காலி செய்ய நினைக்கும் இடத்தில் இது நடப்பதில்லை. வெண்ணெய் மணம் தூக்கலாக இருந்தால் அதுவும் அவசரத்தின் அடையாளமே. வேகவைத்த மக்காச்சோள மணம் வோர்ட்டைச் சரியாகக் கொதிக்க விடாததால் வரலாம். நனைந்த அட்டைப்பெட்டி மணம் அடித்தால் பாட்டில் பழசு, அல்லது சூட்டில் கிடந்தது. நம் பக்கம் வரும் பாட்டில்களில் இதைத்தான் அதிகம் எதிர்பார்க்கலாம், லாரியும் கிடங்கும் எந்தச் சூட்டில் இருக்கும் என்று தெரியாதா என்ன.

தொட்டுக்கொள்ள

சேலத்தில் உட்கார்ந்தால் கை தட்டுவடை செட்டுக்குத்தான் போகும். பீட்ரூட், கேரட் துருவல் வரை சரி, பச்சை மிளகாய்ச் சட்னியை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வாயில் மிளகாய் தூண்டும் அதே சூட்டு உணர்வியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. 5 சதவீத லாகரோடு தாங்குகிற காரம் 9 சதவீதப் பார்லிவைனோடு இரண்டு மடங்காய்த் தெரியும். வெறும் தட்டுவடை, வறுத்த வேர்க்கடலை, எண்ணெய் பிரிய வதக்கிய மட்டன் சுக்கா இவை பொருந்தும். கறியின் வறுவலும் மால்ட்டின் வறுவலும் ஒரே வினையில் பிறந்தவை. மிளகைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள், அதுவும் அதே உணர்வியைத்தான் பிடிக்கும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் சுத்த ஆல்கஹால் 32.5 மில்லி. 10 சதவீத பார்லிவைன் 330 மில்லி பாட்டிலில் 33 மில்லி. சின்ன பாட்டில்தானே என்று பார்லிவைனில் இன்னொன்றையும் திறந்தால் இரண்டு பெரிய பாட்டில் குடித்த கணக்கு. ருசிக்க 100, 150 மில்லி தாராளம். ஒரு பாட்டிலை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகியிருக்க வேண்டும். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். ஏற்காட்டிலிருந்து இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. ருசி பார்ப்பதானால் அன்றைக்கு ராத்திரி மேலேயே தங்குகிற ஏற்பாட்டோடு போங்கள்.

வாங்கியதை உடனே குடிக்க வேண்டுமா என்றால், லேசான லாகரை ஆமாம், சீக்கிரம். பார்லிவைனும் குவாட்டும் ஓராண்டு, ஈராண்டு பொறுத்தால் காட்டம் அடங்கி உலர் பழ மணம் கூடும். ஆனால் அதற்குக் குளுமையும் இருட்டும் வேண்டும். பங்குனி, சித்திரையில் சேலத்து வீட்டு அலமாரி அதற்கு லாயக்கில்லை. ஃபிரிட்ஜின் அடித்தட்டில் பாட்டிலை நிற்க வையுங்கள், குடிக்கிற அன்றைக்கு வெளியே எடுத்துக் குளிர் விடும்வரை வைத்துக்கொள்ளலாம். பச்சை அல்லது வெள்ளைக் கண்ணாடி பாட்டிலாக இருந்தால் செய்தித்தாளில் சுற்றி வைப்பது நல்லது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து துர்நாற்றம் வந்துவிடும், பழுப்பு பாட்டில் ஓரளவு தாங்கும்.